பியானோவில் கார்வை குறையும்போது: ஒலி கசியும் இடத்தைக் கண்டறிவது எப்படி

பியானோவின் ஒரு கட்டையை அழுத்தி விரலை எடுக்காமல் வைத்திருந்தால், எழும் ஒலி படிப்படியாகத் தேய்ந்து மறைய வேண்டும். சில பியானோக்களில், குறிப்பாக மேல் ஸ்தாயியில், தட்டிய சத்தம் மட்டும் பளிச்சென்று கேட்கிறது. அதன் பின்னால் வர வேண்டிய நாதம் வருவதற்குள் ஓய்ந்துவிடுகிறது. மெதுவான மெட்டொன்றை வாசிக்கும்போதுதான் இந்தக் குறை உறைக்கும், ஏனெனில் ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் விழும் பள்ளத்தை எத்தனை திறமையுள்ள விரல்களாலும் நிரப்ப முடியாது. நம் இசையில் கார்வை என்று சொல்வதைப் பாடகர் மூச்சாலும் வயலின் கலைஞர் வில்லாலும் நீட்டிக்கொள்கிறார்கள். பியானோவுக்கு அந்த வசதி கிடையாது.

சுத்தியல் தந்தியைத் தொட்டு விலகும் நேரம் ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்குதான். அதற்குள் தந்திக்குக் கிடைக்கும் ஆற்றலே முதல். அதன் பிறகு வரவு இல்லை, செலவு மட்டுமே உண்டு. தந்தியின் அதிர்வு, வீணையில் நாம் குதிரை என்று அழைக்கும் அதே உறுப்பின் வழியாக, ஸ்புரூஸ் மரத்தால் ஆன மெல்லிய ஒலிப்பலகைக்குப் போய், அங்கிருந்து காற்றில் ஒலியாகப் பரவுகிறது. பலகை அந்த ஆற்றலை வேகமாக வாங்கிக்கொண்டால் ஒலி உரக்கக் கேட்டுச் சீக்கிரம் தீர்ந்துவிடும். நிதானமாக வாங்கினால் சற்று அடங்கிக் கேட்டாலும் நெடுநேரம் நிற்கும். ஆகவே உரப்பும் கார்வையும் ஒரே பையிலிருந்து செலவாகும் பணம் போன்றவை. இந்தக் கணக்கை மாற்ற நம்மால் அதிகம் முடியாது. ஒலியாக மாறாமலேயே வீணாகக் கசியும் ஆற்றலைத் தடுக்க மட்டும் நிச்சயமாக முடியும். கார்வை குறைந்தால் உடனே "ஒலிப்பலகை போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. என் அனுபவத்தில் அந்தத் தீர்ப்பைக் கடைசியாகத்தான் எழுத வேண்டும்.

முதலில் எது குறை, எது இயல்பு என்பதைப் பிரித்தறிய வேண்டும். மிகத் தாழ்ந்த மந்தர சுரம் அரை நிமிடத்துக்கும் மேல் நிற்கக்கூடும். 88 கட்டைகளில் கடைசியாக உள்ளவை, தந்திகள் படுக்கையாக அமைந்த மிகச் சிறந்த கச்சேரிக் கிராண்ட் பியானோவில்கூட, ஓரிரு விநாடிகளில் அடங்கிவிடும். அதனால் ஒரு சுரத்தை இன்னொரு ஸ்தாயியோடு ஒப்பிடாமல், அதன் இரு பக்கத்து அண்டைச் சுரங்களோடு மட்டும் ஒப்பிட வேண்டும். இரவில் வீடு அடங்கிய பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு கட்டையையும் ஒரே அளவு விசையில் தட்டி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும்வரை ஆகும் விநாடிகளைக் கைப்பேசிக் கடிகாரத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், ஆனாலும் இந்தத் தாள் இல்லாமல் செய்யப்படும் எந்தத் திருத்தமும் ஊகமாகவே முடியும்.

எழுதி முடித்ததும் எண்களின் போக்கே பாதி நோயைச் சொல்லிவிடும். நடுவில் ஒரே ஒரு சுரம் மட்டும் சரிந்திருந்தால் கோளாறு அந்தச் சுரத்தின் உறுப்புகளில் இருக்கிறது. செம்பு சுற்றிய மந்தரத் தந்திகள் முடிந்து வெறும் எஃகுத் தந்தி தொடங்கும் இடத்தில் திடீரென்று எண்கள் மாறினால் அது பெரும்பாலும் வடிவமைப்பின் தழும்பு. எட்டுப் பத்துச் சுரங்கள் சேர்ந்தாற்போல் சரிந்திருந்தால்தான் குதிரையையும் பலகையையும் சந்தேகிக்க வேண்டும். நடு ஸிக்கு, அதாவது கட்டை வரிசையின் நடுவிலுள்ள ஸி சுரத்துக்கு, மேல் ஏறக்குறைய ஒன்றரை ஸ்தாயி தாண்டியதும் வரும் பகுதியில் இப்படிப்பட்ட சரிவு மிகப் பரவலாகக் காணப்படுவதால், தொழில்நுட்பர்கள் அதற்குக் கில்லர் ஆக்டேவ் (கொல்லும் ஸ்தாயி) என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது மீட்டிப் பார்க்கும் சோதனை. சரிந்த சுரத்தின் கட்டையைச் சுத்தியல் தந்தியில் படாத அளவு மிக மெதுவாக அழுத்திப் பிடித்தால், ஒலியை அடக்கும் டாம்பர் மட்டும் விலகி நிற்கும். இப்போது கிட்டார் வாசிப்பவர்கள் பயன்படுத்தும் பிளெக்ட்ரத்தாலோ நகத்தாலோ தந்தியை மீட்டுங்கள். மீட்டிய ஒலி நன்றாக நீடித்து, சுத்தியலால் எழுந்த ஒலி மட்டும் குறுகியிருந்தால், குற்றம் சுத்தியலிலும் அதை இயக்கும் பொறியமைப்பிலும் இருக்கிறது. மீட்டினாலும் குறுகியே ஒலித்தால் டாம்பர், தந்தி, குதிரை, பலகை ஆகிய நான்கில் ஒன்றைத் தேட வேண்டும். மேல் ஸ்தாயியில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று தந்திகள் உண்டு. ரப்பர் ஆப்பால் இரண்டை அடக்கிவிட்டு மூன்றையும் தனித்தனியே மீட்டிக் கேளுங்கள். ஒன்று மட்டும் செத்திருந்தால் அந்தத் தந்தியின் தாங்குமுனைகளைப் பார்க்க வேண்டும். மூன்றும் தனியே நன்றாகப் பாடி, சேர்ந்தால் மட்டும் ஓய்ந்தால், காரணம் சுருதியாகவோ சுத்தியலின் முகமாகவோ இருக்கும்.

டாம்பர்தான் மிக எளிதில் திருந்தும் குற்றவாளி, மிக எளிதில் தப்பிவிடும் குற்றவாளியும் அதுவே. கடைசி 18 முதல் 20 வரையிலான கட்டைகளுக்கு டாம்பர் கிடையாது என்பதால் அங்கே இந்தப் பேச்சுக்கு இடமில்லை. மற்றவற்றில், கட்டையை மட்டும் அழுத்தி ஒருமுறையும், எல்லா டாம்பர்களையும் ஒருசேர விலக்கும் வலப் பெடலை மிதித்து ஒருமுறையும் கேளுங்கள். பெடலை மிதிக்கும்போது மற்றத் தந்திகளும் கூடவே ஒலிப்பதால் எல்லாச் சுரமுமே சற்று நீண்டு கேட்கும். அந்தச் சிறிய வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாமல், கண்கூடான பெரிய வேறுபாடு இருக்கிறதா என்று மட்டும் கவனிக்க வேண்டும். இருந்தால் டாம்பர் பக்கம்தான் தேட வேண்டும்.

தந்திகள் நிமிர்ந்து நிற்கும் என் வீட்டு அப்ரைட் பியானோவில், நடு ஸிக்கு மேல் வரும் இரண்டாவது ஏ, அதாவது 880 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட சுரம், மூன்று விநாடிகூட நிற்காமல் இருந்தது. வந்து பார்த்த ஒருவர் பலகையைக் குறை சொல்லிவிட்டுப் போனார். பெடலை மிதித்தால் அதே சுரம் தெளிவாக நீண்டது. ஆனால் அதன் டாம்பரை மட்டும் விரலால் விலக்கிப் பிடித்தால் நீளவில்லை. அப்படியானால் தடுப்பது அதன் டாம்பராக இருக்க முடியாது என்று தோன்றியதால், டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். பக்கத்துச் சுரத்தின் டாம்பரிலிருந்து பிரிந்த கம்பளி நார் ஒன்று, ஏறக்குறைய ஒரு மயிரிழை கனம், என் சுரத்தின் வலது தந்தியில் உரசிக்கொண்டிருந்தது. நகவெட்டிக் கத்தரியால் அதை நறுக்கினேன். வேறு எதுவும் செய்யவில்லை.

நார் இல்லாமல் டாம்பரே போதிய அளவு விலகாமல் இருந்தால், அப்ரைட்டில் அதைத் தள்ளும் கரண்டி போன்ற சிறு உலோகத் துண்டையும், கிராண்டில் டாம்பரைத் தூக்கும் நெம்பையும் சரிசெய்ய வேண்டும். கட்டையின் பயணத்தில் சுத்தியல் பாதித் தூரம் போனதும் டாம்பர் நகரத் தொடங்குவது பொதுவான அளவு. கரண்டியை வளைக்க அதற்கென்ற கருவி தேவை. அனுபவம் இல்லாதவர்கள் அதைத் தொழில்நுட்பரிடம் விட்டுவிடுவதே நல்லது.

சுருதியைப் பற்றிப் பலரும் அறியாத ஒன்று உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் கேப்ரியேல் வைன்ரைக் 1977-இல் வெளியிட்ட ஆய்வு, பியானோ ஒலி ஏன் இரண்டு கட்டமாகத் தேய்கிறது என்பதை விளக்கியது. சுத்தியல் அடித்த கணத்தில் மூன்று தந்திகளும் ஒரே திசையில் அசைந்து குதிரையை ஒன்றாக இழுக்கின்றன. அதனால் ஒலி உரத்து, ஆற்றலும் விரைவாக இறங்குகிறது. தந்திகளுக்கிடையே நூலிழை அளவு வேறுபாடு இருப்பதால் சிறிது நேரத்தில் அவை எதிரெதிராக அசையத் தொடங்கி, குதிரையின் மீதுள்ள இழுப்பு ஒன்றையொன்று ஈடுசெய்து, எஞ்சிய ஆற்றல் மெல்லச் செலவாகிறது. நாம் கார்வை என்று ரசிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் கட்டத்தைத்தான். எனவே கார்வை குறைந்த சுரத்தில் மூன்று தந்திகளின் சேர்ப்பையும் விம்மல் (ஒலி அலைபோல் ஏறி இறங்குவது) கேட்காத அளவுக்குத் திருத்தமாகச் செய்துவிட்டு, பிறகு ஒரு தந்தியை மட்டும், காதுக்கு விம்மலாகப் படாத அளவில், மிக மிகக் கொஞ்சம் நகர்த்திக் கேட்டுப் பார்க்கலாம். எங்கோ ஓரிடத்தில் ஒலி திறந்துகொள்வதை நல்ல காது கண்டுபிடித்துவிடும். சுருதி கலைந்த பியானோவில் இதை எல்லாம் சோதிப்பதில் பொருளில்லை. கார்வையை ஆராயும் முன் முழுப் பியானோவுக்கும் சுருதி சேர்த்திருக்க வேண்டும்.

மீட்டினால் நீள்கிறது, அடித்தால் நீளவில்லை என்று தெரிந்துவிட்டால் சுத்தியல் பக்கம் வர வேண்டும். கட்டையை மெதுவாக அழுத்திக்கொண்டே போனால், அப்ரைட்டில் தந்திக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் முன்னாலும், கிராண்டில் சுமார் 2 மில்லிமீட்டர் முன்னாலும் சுத்தியல் விடுபட்டுப் பின்வாங்க வேண்டும். அப்படி விடுபடாமல் தந்தியோடு ஒட்டி நின்றால், தான் எழுப்பிய ஒலியைத் தானே அடக்கிவிடும். கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு: மழைக்காலத்தில் சுத்தியலின் அச்சைச் சுற்றியுள்ள கம்பளித் துணி ஈரத்தால் உப்பி அச்சை இறுக்குவதால், சுத்தியல் திரும்பி வரச் சோம்பல்படுகிறது. கையால் தள்ளிவிட்டால் துள்ளித் திரும்ப வேண்டிய சுத்தியல் மெதுவாக நகர்ந்தால், அச்சைத் தளர்த்த வேண்டும். சமையல் எண்ணெயையோ தையல் இயந்திர எண்ணெயையோ விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது கம்பளியில் ஊறி, சில மாதங்களில் நிலைமையை முன்பைவிடக் கெடுத்துவிடும்.

சுத்தியலின் முகம் மூன்று தந்திகளையும் ஒரே கணத்தில் தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெடலை மிதித்துக்கொண்டு, சுத்தியலை விரலால் தந்திகளின் மீது மெல்லச் சாய்த்துப் பிடித்து, மூன்றையும் மீட்டுங்கள். எந்தத் தந்தி அடங்காமல் ஒலிக்கிறதோ அதைச் சுத்தியல் முழுதாகத் தொடவில்லை. பள்ளம் விழுந்த முகத்தை மெல்லிய உப்புத்தாள் ஒட்டிய பட்டையால், தோளிலிருந்து நுனி நோக்கி, ஒவ்வொரு படலமாகத் தேய்த்துச் சமன்படுத்த வேண்டும். அதன் பிறகும் வேறுபாடு இருந்தால் தாழ்ந்திருக்கும் தந்தியைக் கொக்கியால் சற்று உயர்த்தலாம். மேல் ஸ்தாயியில் அதிகக் கம்பளி சுமந்த பருத்த சுத்தியல்கள், தந்தியில் தேவைக்கு மேல் தங்கி உயர் ஒத்திசைகளை விழுங்கிவிடும் என்பதால், அங்கே முகத்தைத் தேய்த்து எடையைக் குறைப்பதே தனியாக ஒரு மருந்து.

காது ஏமாறும் இடமொன்று இங்கே இருக்கிறது. பல ஆண்டு அடிவாங்கிக் கல்லாய் இறுகிய சுத்தியல், தொடக்க ஒலியை மிகக் கூர்மையாக எழுப்புகிறது. அந்தக் கூர்மைக்குப் பின்னால் வரும் நாதம், உண்மையில் குறையாவிட்டாலும், குறைந்ததாகத் தோன்றுகிறது. சுத்தியலின் தோள்களில் ஊசி குத்தி இறுக்கத்தைத் தளர்த்தினால் தொடக்க ஒலி தணிந்து, பின்னால் இருந்த நாதம் வெளிப்படும். தந்தியைத் தொடும் நுனியில் ஆழமாகக் குத்தக் கூடாது, ஏனெனில் அங்கே குத்தியதன் விளைவைத் திரும்பப் பெற முடியாது. ஒரு சுத்தியலில் இரண்டு மூன்று குத்து, பிறகு வாசித்துக் கேட்பது, மறுபடி குத்துவது என்றுதான் போக வேண்டும்.

மீட்டினாலும் ஒரு தந்தி மட்டும் செத்திருந்தால் அதன் இரு முனைகளுக்கும் வாருங்கள். தந்தியின் பேசும் நீளம், அதாவது அதிரும் பகுதி, ஒரு பக்கம் அக்ராஃப் என்னும் துளையிட்ட உலோகத் தாங்கியிலோ, காப்போ எனப்படும் இரும்பு விளிம்பிலோ, மறுபக்கம் குதிரையின் மீதுள்ள சாய்ந்த ஆணியிலும் முடிகிறது. இந்த முனைகள் எவ்வளவு உறுதியாக இருக்கின்றனவோ அவ்வளவு ஆற்றல் தந்திக்குள் தங்கும். இரும்பு விளிம்பில் தந்தி பள்ளம் பறித்திருந்தாலோ, துருப்பிடித்திருந்தாலோ, தாங்கிக்கு அருகே தந்தி நேராக இல்லாமல் வில்லாக வளைந்திருந்தாலோ கசிவு அங்கேயே தொடங்கும். தனித் தந்தியிலேயே விம்மல் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால், ஒரு திருப்புளியின் பக்கவாட்டால் குதிரை ஆணியைத் தந்திக்கு எதிராக உறுதியாக அழுத்திக்கொண்டு மீண்டும் மீட்டுங்கள். விம்மல் மறைந்தால் ஆணி மரத்தில் ஆட்டம் கண்டிருக்கிறது. நீர்போல் ஓடும் சயனோஅக்ரிலேட் பசையை ஆணியின் அடியில் ஒரு சொட்டு விட்டு மரத்துக்குள் இறங்கச் செய்வது இன்று பரவலாகச் செய்யப்படும் பழுது. தந்தியின் மீதோ தரையின் மீதோ சொட்டாதபடி ஒரு துணியைக் கையருகே வைத்திருங்கள்.

சில சமயம் தந்தி ஆணியில் ஏறிக்கொண்டு, குதிரையின் மரத்தைத் தொடாமல் நிற்கும். பித்தளைக் கோலாலோ கடின மரக் குச்சியாலோ, ஆணிக்கு அருகில், கைவிரல் அழுத்தம் அளவில் அதைக் கீழே அமர்த்தலாம். சுத்தியால் ஓங்கித் தட்டினால் உடனடியாக ஒலி தெளிந்தது போலிருக்கும், ஆனால் குதிரையின் மரத்தில் பள்ளம் விழுந்து, அடுத்த ஈரக் காலத்தில் குறை திரும்பிவிடும். இந்த வேலைகளைச் செய்யும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு தந்தியும் ஏறக்குறைய ஓர் ஆளின் எடையளவு இழுவிசையில் நிற்கிறது.

மந்தர ஸ்தாயிக்கு நோய் வேறு. செம்பு சுற்றிய தந்திகளில், சுற்றுகளுக்கிடையே தூசும் களிம்பும் புகுந்து, அவை நெகிழ்ந்து அசைய விடாமல் பிணைத்துவிடுகின்றன; ஒலி மரக்கட்டையைத் தட்டியது போல் மொத்தென்று விழுகிறது. தந்தியைத் தளர்த்திக் கழற்றி, ஒரு கண்ணியாக வளைத்து, அந்த வளைவைத் தந்தியின் முழு நீளத்துக்கும் பலமுறை ஓட்டினால் அழுக்கு உதிர்ந்து ஓரளவு உயிர் வரும். திரும்ப மாட்டும்போது சுற்றின் திசையிலேயே ஒரு முறுக்குக் கொடுத்து மாட்ட வேண்டும். வராவிட்டால் புதிய தந்திதான். மந்தரத் தந்திகள் எல்லாமே ஒருசேர மந்தமாக இருந்தால், மந்தரக் குதிரை பலகையிலிருந்து பசை விட்டிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் பழைய விலங்குப் பசை விட்டுக்கொடுப்பது அரிதல்ல.

இத்தனைக்கும் பிறகு ஒரு பகுதி முழுவதும் சரிந்தே இருந்தால் ஒலிப்பலகைக்கு வரலாம். பலகை தட்டையாகச் செய்யப்படுவதில்லை. தந்திகளை நோக்கி மிக இலேசாகப் புடைத்திருக்கும். அப்ரைட்டைச் சுவரிலிருந்து நகர்த்தி, பின்புறம் பலகையைத் தாங்கும் சட்டங்களில் நீளமானதொன்றின் மீது, முனையிலிருந்து முனைக்கு ஒரு தையல் நூலை இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் நூலுக்கும் சட்டத்துக்கும் இடையே சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் புடைப்பு உயிரோடிருக்கிறது. நூல் முழுவதும் ஒட்டினாலும் மனம் தளர வேண்டியதில்லை, ஏனெனில் புடைப்பு குறைந்தும் நன்றாக ஒலிக்கும் பலகைகள் உண்டு. பலகையில் தெரியும் விரிசலும் தன்னளவில் பெரிய தீங்கு செய்வதில்லை. விரிசலுக்கருகே சட்டம் பசை விட்டிருந்தால்தான் கவலை. முன்புறத்தில், தந்தி குதிரையைக் கடக்கும் இடத்தில் ஒரு சிறிய நேரான எஃகுத் துண்டைத் தந்தியோடு ஒட்டி வைத்துப் பாருங்கள்: துண்டு நடுவில் தாங்கி இருபுறமும் ஆடினால் தந்தி குதிரையைக் கீழே அழுத்துகிறது, இரு முனைகளும் தாங்கி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அழுத்தம் தலைகீழாகியிருக்கிறது. அந்த நிலையைத் தந்திகளை முழுவதும் இறக்காமல் திருத்த இயலாது.

கில்லர் ஆக்டேவுக்கு மட்டும் செய்து பார்க்கத்தக்க ஒன்று இருக்கிறது. ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பலகையின் பின்புறம், அந்தப் பகுதியின் குதிரைக்கு நேர் பின்னால், துணி சுற்றிய கனமான உலோகக் கட்டியை உறுதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒலி சற்று அடங்கி, கார்வை தெளிவாக நீண்டால், அந்த இடத்தில் பலகை அளவுக்கு மீறி எளிதில் அசைகிறது என்று பொருள். சில தொழில்நுட்பர்கள் அங்கே பித்தளை எடையைத் திருகி நிறுத்துகிறார்கள். வேறு சிலர் சட்டங்களுக்கு இடையே குட்டைச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். எந்த எடை, எந்த இடம் என்பதைக் காதுதான் முடிவு செய்யும் என்பதால், திருகுவதற்கு முன் கவ்வியால் தற்காலிகமாக நிறுத்தி ஒரு வாரம் வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பலகை ஈரத்தை வாங்கினால் உப்பிப் புடைக்கிறது, உலர்ந்தால் சுருங்கித் தட்டையாகிறது. பியானோவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை. சென்னை போன்ற ஊரில் அது எளிதில் 70-ஐத் தாண்டிவிடுகிறது. இரவில் மட்டும் குளிர்சாதனம் ஓடி, பகலில் சன்னல் திறந்து கிடக்கும் அறைதான் பலகைக்கு மிகக் கொடியது, ஏனெனில் அது நாள்தோறும் உப்பியும் சுருங்கியும் பசை மூட்டுகளை இழுக்கிறது. ஒரு ஈரமானியைப் பியானோவின் உள்ளே வைத்து, விநாடிகள் எழுதிய தாளிலேயே அதன் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செய்த திருத்தம் பலித்ததா என்று ஐப்பசி மழையில் ஒருமுறையும் பங்குனி வெயிலில் ஒருமுறையும் அதே இரவு நேரத்தில், அதே விசையில், அதே கட்டைகளைத் தட்டி மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.